செத்த சென்சார்

சிஸ்ரான் நகரின் அந்தக் குடியிருப்புக்கு எஃபீம் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முற்றத்தில் அசையாமல் நின்ற சிவப்புக் காரின் சொந்தக்காரன் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

இன்று காலை காருக்குள் ஒருவன் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தான்.

"வடக்கேயிருந்து வந்தாச்சா தம்பி?"

"நேத்துதான் பெரியவரே. பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. இந்தச் சனியன் கிளம்ப மாட்டேங்குது."

எஃபீம் மின்னழுத்தம் பார்க்கும் மீட்டரை எடுத்து வந்து, பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரில் இணைத்தார். "இப்ப இன்ஜினைச் சுத்த விடு. ஹால் சென்சார் நல்லா இருந்தா ஊசி ஏறி எறங்கணும். இது செத்துக் கெடக்கு, அதான் பிளக்குல பொறி வரலை. டேஷ்போர்டுல மாத்து சென்சார் வச்சிருப்பியே, எடு."

அவன் துழாவினான். "கையுறைதான் இருக்கு."

"மாத்து இல்லாம வண்டி எடுக்குறியா? நீயெல்லாம் ஒரு டிரைவரு!"

தன் காரிலிருந்த மாற்றைக் கொண்டுவந்து பொருத்தினார். இன்ஜின் உறுமியது.

"மொத்தமே முக்கால் மணி நேரம்தான்!" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெய்வம் பெரியவரே நீங்க!" என்று கத்திக்கொண்டே அவன் பறந்தான்.

சாயங்காலம், எஃபீமும் அக்கம்பக்கத்தாரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, தோள்பையோடு வேறொருவன் அந்தக் காலியிடத்தில் தலையில் கைவைத்து நின்றான்.

"என் சிவப்புக் கார் எங்க?"

பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்து உதறினான். உள்ளேயிருந்து சென்சார் ஒன்று விழுந்தது.

"எவனும் திருடக் கூடாதுன்னுதான் நல்லதைக் கழட்டிக்கிட்டு, செத்ததை மாட்டிட்டுப் போனேன். அதைக் கண்டுபிடிச்சு மாத்த அரை நாளாவது ஆயிருக்குமே! இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தரும் பாக்கலையா?"

வாய்வரை வந்த "முக்கால் மணி நேரம்தான்" என்பதை எஃபீம் விழுங்கிக்கொண்டார்.