ஷேடரும் சின்ன வெங்காயமும்

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சேஷு அழுதுகொண்டிருந்தான். கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூடக் கை ஒழியவில்லை. எதிரே திரையில் 'ஷேடர் தயாராகிறது, பதினெட்டு சதவீதம்' என்று இருந்தது.

மடியில் ஒரு தாம்பாளம் நிறையச் சின்ன வெங்காயம். ராஸ்தா பேட் தமிழ்க் கடையில் வாங்கியது, உரிக்கிறவனைப் பழிவாங்கவே பொடிப்பொடியாக விளைந்திருந்தது. அவன் கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவதற்கு முன்பே அதைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாள் அவன் மனைவி வைஷு.

"அதான் ஸ்கிப்னு ஒரு பட்டன் இருக்கே, அதை அமுக்கித் தொலையேன்," என்றாள் சமையலறையிலிருந்து.

"ஸ்கிப் பண்ணா கேம் நடுநடுவுல திக்கும். உனக்கு இதெல்லாம் புரியாது வைஷு."

வைஷுவும் ஹிஞ்சவடியில் ஐடி வேலைதான் பார்க்கிறாள். ஆனால் பேங்க் சாஃப்ட்வேர் பார்க்கிறவர்களுக்கு லினக்ஸ் பற்றி என்ன தெரியும் என்பது சேஷுவின் தீர்மானம். விண்டோஸைத் தலைமுழுகிவிட்டு லினக்ஸுக்கு மாறிய நாளிலிருந்து, அவர்கள் குடியிருக்கும் சாங்வியில் அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

அந்த லினக்ஸில் கேம் திறப்பதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. விளையாட்டில் வரும் வெளிச்சம், நிழல், புகை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தனக்குத் தகுந்தபடி முதலில் அரைத்து வைத்துக்கொள்ளும். தோசைக்கு மாவு அரைப்பதுபோலத்தான். அரைபட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற மனுஷனைச் சும்மா உட்காரவிட வைஷுவுக்கு மனசு வராது. வீட்டு வேலைக்கு வரும் பாயிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வேறு.

இன்றைக்கு ஆபீஸ் லீக்கின் இறுதி ஆட்டம். பதினொரு மணிக்குள் சேஷு உள்ளே வராவிட்டால் அவன் இடம் அருண்ராஜுக்குப் போய்விடும். விண்டோஸ் வைத்திருக்கும் அருண்ராஜுக்கு! அந்த அவமானத்துக்கு வெங்காயம் எவ்வளவோ தேவலை.

ஹெட்போனில் டீம் கேப்டன் ஜெயந்த் வந்தான். "எங்கடா இருக்க?"

"ஷேடர் ஓடறதுடா. முப்பத்தொண்ணு."

"போன ஞாயித்துக்கிழமையும் இதையேதானே சொன்ன? ஒரு தடவை அரைச்சா அது அப்படியே இருக்குமேடா?"

"அப்டேட் வந்திருக்கும். நல்ல சாஃப்ட்வேர்னா அப்டேட் வரத்தான் செய்யும்."

"என்னமோ போ. அருண்ராஜ் ரெடியா உக்காந்திருக்கான். சொல்லிட்டேன்."

வெங்காயம் முடிந்தது. "எவ்வளவு ஆச்சு?" என்று எட்டிப் பார்த்தாள் வைஷு.

"நாப்பது."

"அப்போ துணி உலர்த்த நேரமிருக்கு."

பால்கனியில் அவன் பெட்ஷீட்டை உதறியபோது, எதிர்ப் பால்கனி குல்கர்ணி காகா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஆஜ் பீ ஷேடர்?" என்று விசாரித்தார். இன்றும் ஷேடரா என்று கேட்கும் அளவுக்கு சேஷுவின் தொழில்நுட்பம் அந்தக் குடியிருப்பு முழுக்கப் பரவியிருந்தது.

ஐம்பத்தைந்தில் ஸ்டூல் போட்டு ஃபேன்களைத் துடைத்தான். அறுபத்தைந்தில் ஒட்டடை அடிக்க ஆரம்பித்தான். எழுபத்தொன்றில் ஷேடர் நின்றது. நின்றது என்றால், நின்றேவிட்டது. மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

சேஷு ஒட்டடைக் கம்பைக் கீழே போட்டான். "போதும்! இன்னிக்கு மேட்ச் போச்சுன்னா சாயங்காலமே விண்டோஸ் போட்டுடப் போறேன். டீம்ல ஒருத்தன் பாக்கியில்லாம சிரிக்கறான்."

இந்த முறை கண்ணில் வந்ததற்கும் வெங்காயத்துக்கும் சம்பந்தமில்லை.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. வைஷு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தாள்.

"விண்டோஸா? எதுக்கு? லினக்ஸ் நல்லதுதானே," என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து சேஷு கேட்பது இதுதான் முதல் தடவை. "முதல்ல போய் மூஞ்சியை அலம்பிண்டு வா. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. நான் இதைப் பார்த்துக்கறேன்."

அவன் துண்டோடு திரும்பி வந்தபோது வைஷு அவனுடைய நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள். திரையில் கேம் ஜம்மென்று திறந்திருந்தது.

"தானா வேகம் எடுத்துடுத்து," என்றாள்.

சேஷுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கத்தினான். "வந்துட்டேன்டா ஜெயந்த்! அருண்ராஜைத் தூங்கப் போகச் சொல்லு. லினக்ஸ் கடைசி நேரத்துல கைவிடாது. விண்டோஸ்காரனுக்கு இதெல்லாம் எங்கேர்ந்து புரியப் போறது!"

வாசல் மணி அடித்தது. எதிர் ஃப்ளாட் சோனியா கறிவேப்பிலைக்கு வந்திருந்தாள். பளிச்சென்றிருந்த ஃபேனையும், தாம்பாளத்தில் உரித்துக் குவித்த வெங்காயத்தையும் மாறிமாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"குடுத்து வெச்சவ வைஷு நீ. எங்க வீட்டுலயும் ஒருத்தர் ஞாயித்துக்கிழமையானா கேம்தான். கம்ப்யூட்டரைத் திறந்த ரெண்டாவது நிமிஷம் சுட ஆரம்பிச்சுடுவார். குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்த மாட்டார்."

வைஷு போய் சேஷுவின் அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவரை லினக்ஸுக்கு மாத்து. அரைச்சு வெச்சதை சனிக்கிழமை எங்க ஒளிக்கணும், எப்போ திருப்பி வைக்கணும்னு நான் சொல்லித் தரேன்."