மணலுக்குப் போன அக்கா

கடலோரப் புல்மேட்டில் செவலை, சாம்பல் என்று இரண்டு கங்காருகள் இருந்தன. அக்கா தங்கைகள். சாயங்காலமானால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க மனிதர்கள் மணலில் வந்து கூடுவார்கள். அவர்கள் கையில் ரொட்டி இருக்கும்.

அக்கா செவலை தவறாமல் அங்கே போய்விடும். "எவ்வளவு ஆசையாத் தடவிக் குடுக்கிறாங்க தெரியுமா? நீயும் வாயேன்டி," என்று தங்கையைக் கூப்பிடும். வயிற்றுப் பையில் குட்டியைச் சுமந்த சாம்பலுக்கு மனிதர்களைக் கண்டால் பயம். மேட்டிலேயே நின்றுகொள்ளும்.

மழைக்காலம் முடிவதற்குள் செவலையின் தாடை வீங்கிவிட்டது. ரொட்டித் துணுக்குகள் பல்லிடுக்கில் தங்கி ஈறு அழுகியிருந்தது. சாம்பல் இளம்புல்லாகப் பார்த்துப் பறித்து வந்து அக்கா முன்னால் போட்டது.

"மெல்ல முடியலடி. அந்த ரொட்டி மட்டுந்தான் மெத்துன்னு இருக்கு," என்றது செவலை. தள்ளாடிக்கொண்டே மறுபடியும் மணலுக்கு இறங்கியது.

"ஐயோ பாவம், இளைச்சுப்போச்சே!" என்று மனிதர்கள் இன்னும் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

ஒருநாள் காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. சாம்பல் வெயில் ஏறும்வரை அதன் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பெண் மேடேறி வந்து சாம்பலிடம் ரொட்டியை நீட்டினாள். "வழக்கமா வருமே, அது எங்கடா செல்லம்?" என்று கொஞ்சினாள். பையிலிருந்து குட்டி மூக்கை நீட்டியது.

"அம்மா, இவங்க கெட்டவங்களா?"

"இல்லடா கண்ணு. ரொம்ப நல்லவங்க," என்ற சாம்பல், குட்டியின் தலையை உள்ளே அமுக்கிக்கொண்டு காட்டைப் பார்த்து ஓடியது.