கயிற்றின் மேல்முனை

தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்த பெட்டியைச் சுற்றியிருந்த கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தேன். செல்லப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கத்தி வேண்டாம், தானே அவிழ்த்துத் தருவதாகச் சொன்னார். மகன் போட்ட முடிச்சில் இரும்பு படக்கூடாதாம். பிடித்த கையை உடனே விட்டுவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

அவர் மனைவி ராசம்மா தொட்டியின் அந்தப் பக்கம் நின்றார். இருவரும் சாஆ என்ற சிற்றூரிலிருந்து கிளம்பி மூவார் நகரத்துக்கு வந்திருந்தார்கள். என் முக்காட்டைப் பார்த்து மலாயில் பேச ஆரம்பித்த ராசம்மா, நான் தமிழில் பதில் சொன்னதும் அழுதுவிட்டார்.

அவர்கள் கேட்டு வந்தது அந்தக் கயிற்றை மட்டும்தான்.

மூவார் ஆற்றின் அடியில் பழைய நீராவிப் படகு ஒன்று சேற்றுக்குள் கிடக்கிறது. அதிலிருந்து, முக்குளிக்கும் வேலை செய்த அவர்கள் மகன் யுகேந்திரன் கடைசியாக மேலே அனுப்பிய சரக்கு இந்தப் பெட்டி. பெட்டி வந்தது, அவன் வரவில்லை. ஆற்றையும் கழிமுகத்தையும் தேடி ஓய்ந்துவிட்டார்கள்.

உடம்பு கிடைக்காத பிள்ளைக்குத் தர்ப்பையில் உருவம் செய்துதான் கொள்ளி வைக்க வேண்டும். அதோடு சேர்த்து எரிக்க, அவன் உடம்பில் பட்ட பொருள் ஏதாவது கொண்டு வாருங்கள் என்று காரியம் செய்பவர் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அப்படி எதுவும் மிச்சமில்லை. செய்தி வந்த அன்று காலையில்தான் ராசம்மா அவன் துணி எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டிருந்தார். இதைச் சொல்லும்போது தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

மற்ற பெட்டிகளெல்லாம் மீட்புப் படகிலிருந்து இறக்கும் பட்டை வாரில் ஏறி வந்தவை. இதைக் கட்டியிருந்தது மட்டும் முக்குளிக்கும் ஆளின் இடுப்புக் கயிறு. அந்தக் கலங்கல் தண்ணீரில் தன் கை தனக்கே தெரியாது. திரும்பி வருவதற்குக் கயிறு ஒன்றுதான் வழி.

வார் இறங்கி வரும்வரை அவனுக்குப் பொறுமை இல்லை. இடுப்பிலிருந்ததை அவிழ்த்துப் பெட்டிக்குக் கட்டிவிட்டு விடாமல் சுண்டியிருக்கிறான். விடாமல் சுண்டினால் தூக்கு என்று அர்த்தம். மேல்முனையைப் பிடித்திருந்தவர் தூக்கிவிட்டார்.

செத்துப்போனவன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இதற்கா உயிரைக் கொடுத்தாய்? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாயிற்று. உள்ளே ஆணி. எந்த ரப்பர் தோட்டத்துக் கூரைக்கோ போன ஆணி, துருப்பிடித்து ஒரே கட்டியாகக் கிடக்கிறது.

அதற்குப் பிறகு பெரிய மனிதர்கள் யாரும் இந்த அருங்காட்சியகக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பலகையிலிருந்து உப்பு இறங்க வேண்டும், பிறகு மெழுகுக் கரைசலில் ஊற வேண்டும். காய விட்டால் பிளந்துவிடும். மரத்தைக் காப்பாற்ற நமக்கு எத்தனை வித்தை தெரிந்திருக்கிறது.

உள்ளே என்ன என்று ராசம்மா கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, ஆணி என்றேன். அதுவும் வேண்டிய சாமான்தானே என்பதுபோல் தலையாட்டினார். அதற்கு என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

செல்லப்பன் கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு முடிச்சைத் தேடினார். சேறும் துருவும் சேர்ந்து அது இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி இளக்கினார்.

ராசம்மா என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். கயிற்றின் மேல்முனையைப் பிடித்திருந்தது யார் என்று மீட்புப் படகில் இருந்த எல்லோரையும் கேட்டுவிட்டாராம். ஒருவரும் பெயர் சொல்லவில்லை. ஆள் மாறி மாறிப் பிடிப்போம் என்று மழுப்பினார்களாம். செல்லப்பனுக்கும் அதே படகில்தான் வேலை. ஆனால் அவர் எஞ்சினைப் பார்க்கிறவர், அந்தப் பக்கமே வரவில்லையாம்.

ஒரு ஆளைக் காப்பாற்ற இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பெயர் மட்டும் தெரியட்டும், நானே போலீசுக்குப் போகிறேன் என்றேன்.

ராசம்மா அவசரமாகக் கையை ஆட்டினார்.

"போலீஸ் எதுக்கும்மா? எம்புள்ள கடைசியா இழுத்தது அந்த ஆளு கைக்குத்தான தெரியும். பயந்துபோயி இழுத்தானா, சாதாரணமா இழுத்தானான்னு ஒரு வார்த்த கேக்கணும். அது தெரிஞ்சா போதும், நான் தூங்கிருவேன்."

முடிச்சு அவிழ்ந்தது.

தொட்டிக்குள் கிடந்த கயிற்றை செல்லப்பன் கை மாற்றிக் கை மாற்றி வெளியே எடுத்தார். ராசம்மா பையிலிருந்து புதுத் துணியை எடுத்து இரண்டு கையிலும் விரித்து நீட்டினார். செல்லப்பன் கொடுக்கவில்லை. கயிற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் நனைந்தது.

"தெம்பாதான் இழுத்தான், ராசம்மா. பயந்த இழுப்பு இல்ல. அவந்தான் வர்றான்னு நெனச்சு நானும் வேகவேகமா இழுத்தேன்."

ராசம்மா அவரையே பார்த்தார். பிறகு விரித்த துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். கயிறு செல்லப்பன் கையிலேயே இருந்தது.