ஹேசலின் முதல் பருவம்

மார்னியின் நாய் ஹேசல் பூங்காவுக்குள் கடைசியாகக் கால்வைத்து இருபத்தாறு நாட்கள் ஆகியிருந்தன.

பருவத்தில் இருக்கும் பெண் நாய்களுக்கு அனுமதி இல்லை என்று கம்பிக்கதவிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதனால் மார்னி வேலிக்கு வெளியே நின்றாள், கையில் காப்பியோடு. கனடாவின் மூஸ் ஜாவில் மார்ச் மாதமும் குளிர்காலம்தான். காப்பி பாதி குடிப்பதற்குள் ஆறிவிடும்.

வேலிக்கு உள்ளே டியூக்கின் அப்பா நின்றிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இடது முட்டியில் வலி என்பதெல்லாம் தெரியும். அவருக்கும் அவள் பெயர் தெரியாது. நாய்ப் பூங்காவில் அப்படித்தான். பெயர் நாய்க்கு. மனிதர்கள் அதற்கு அம்மா, அப்பா.

"என்ன ஹேசல் அம்மா, நம்ம பெரிய மனுஷி எப்படி இருக்கா?"

"வீட்லதான் இருக்கா."

"இன்னும் எத்தனை நாள்?"

"ரெண்டு."

"அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்துடுங்க. எங்க டியூக் சென்ட்டெல்லாம் போட்டுட்டு ரெடியா நிப்பான்."

"முதல்ல அவனுக்கு நாலு பல்லு கட்டுங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்று அவள் குரல் வெளியே வந்தது அப்போதுதான். வீட்டிலிருந்தபடி காப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிற வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை, எல்லாம் தட்டச்சிலேயே முடிந்துவிடும். வேலியோரம் கிடைக்கும் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் மறுநாள் காலை வரை வைத்துக்கொள்ள வேண்டும்.

டியூக் கம்பி இடைவெளியில் மூக்கை நுழைத்து அவள் கால்சட்டையை முகர்ந்தான். அப்புறம் திரும்பிப் போய்விட்டான்.

"மொத வாரம் உங்களை விட்டு நகர மாட்டேன்னான். இப்ப கண்டுக்கவே இல்ல பாருங்க," என்றார் அவர். "முடிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

"இருக்கலாம்."

முடிந்துவிட்டால் வெளியே நிற்கக் காரணம் இருக்காது. உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் வராமலே இருந்துவிட வேண்டும்.

அப்போது ரோசியின் அம்மா வந்தாள். முப்பதுக்குள் இருக்கும். கூட ரோசி இல்லை. கதவைத் திறக்காமல் நேராக மார்னியிடம் வந்தாள்.

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன். நேத்து ரோசிக்கு ஆரம்பிச்சுடுச்சு. சோபாவெல்லாம் ரத்தம். எனக்கு ஒண்ணுமே புரியல."

உங்களைப் பார்க்கத்தான். மார்னி அதைத் தனக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

பிறகு தெரிந்ததையெல்லாம் சொன்னாள். கறையை வெந்நீரில் துடைக்கக் கூடாது, குளிர்ந்த நீர்தான். டயப்பரை நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள், நடுநடுவே கழற்றினால் அதுவே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். வாசலில் வாடை படியாமல் இருக்கக் கார் வரை தூக்கிக்கொண்டு போங்கள். ஆற்றோரப் பாதையில் எல்லாரும் நாயோடு வருவார்கள், அங்கே வேண்டாம். தானியக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது, அங்கே நடக்க விடுங்கள். வார் குட்டையாக இருக்கட்டும். பனியில் சிவப்பாகச் சொட்டும். காலால் தள்ளி மூடிவிடுங்கள்.

"அடேங்கப்பா, டாக்டர்கூட இவ்ளோ சொல்லல," என்றாள் ரோசியின் அம்மா.

மார்னிக்கு முகம் சூடாகியது. இவ்வளவு நேரம் அவள் யாரிடமும் பேசி மாதக்கணக்காகிறது.

"ரெண்டாவது வாரம் ரத்தம் வெளுத்துடும். முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா அப்பதான் ஆண் நாயைத் தேடி..."

அவள் நிறுத்தினாள்.

"நல்லவேளை, எங்களுக்குப் பின்பக்கம் தோட்டம் இருக்கு," என்றாள் ரோசியின் அம்மா. " கதவைத் திறந்து விட்டுட்டா அதுபாட்டுக்கு இருக்கும். இந்தக் குளிர்ல நடக்கவே வேண்டியதில்ல."

"வேணாம். தனியா விடாதீங்க."

"ஆறடி வேலிங்க! எங்க போயிடப் போறா?"

"கேட்டுக்கோம்மா," என்றார் டியூக்கின் அப்பா உள்ளே இருந்து. "ஹேசல் அம்மா அனுபவஸ்தங்க. ஒரு மாசமா கண்ணுல வெச்சுப் பாத்துக்கறாங்க."

ரோசியின் அம்மா தலையாட்டினாள். கேட்டுக்கொள்ளப் போவதில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. காரின் சாவியை எடுத்துவிட்டாள்.

போகட்டும் என்று விட்டுவிடலாம். ஞாயிறுவரை இன்னும் ஒரு காலைப்பொழுது மிச்சம் இருக்கிறது.

"பனியை வாரிட்டீங்களா?" என்றாள் மார்னி.

"எந்தப் பனி?"

"வேலியோரம் குவிஞ்சிருக்குமே, அது. எங்க வேலியும் ஆறடிதான். பனி மேல ஏறி நின்னா மூணடிகூட வராது. அது எனக்குத் தோணவே இல்ல."

ரோசியின் அம்மா சாவியோடு நின்றாள்.

"பன்னெண்டாம் நாள். டயப்பரைக் கழட்டி விட்டுட்டு உள்ள வந்தேன், ஒரு தட்டு கழுவினேன். அவ்ளோதான். அந்தப் பக்கம் எங்கயோ ஒரு நாய் குரைச்சுது. நான் ஓடி வந்தப்ப பனி மேல கால் தடம் மட்டும்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஹைவே."

டியூக்கின் அப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. மார்னி அவரைப் பார்க்கவில்லை. ரோசியின் அம்மாவை மட்டும் பார்த்தாள்.

"ஹேசல் செத்து ரெண்டு வாரமாச்சு."