பனிப் பைத்தியம்

"மச்சான், சவலைத் தொடாதையும்! அது என்ர வேலை!"

வாசலில் நின்று கத்தியவர் பேரின்பநாதன். வன்கூவரில் இருந்து இரண்டு வாரத்துக்கு விருந்தாளியாக மொன்றியலுக்கு வந்தவர். காலை ஏழு மணி, வெளியே மைனஸ் பதினெட்டு. இரவு முழுக்கக் கொட்டிய பனி, கார் நிறுத்தும் இடத்தில் முழங்கால் அளவுக்குக் கிடந்தது.

"சீச்சீ, விருந்தாளி நீர். சனம் என்ன சொல்லும்?" என்றார் வீட்டுக்காரர் கிருபானந்தன். சொல்லிக்கொண்டே பனி அள்ளும் சவலை மச்சானின் கையில் கொடுத்தும் விட்டார்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"உங்களுக்கு வெக்கமில்லையே?" மனைவி ஜெயமதிக்குப் பொறுக்கவில்லை. அள்ளிக்கொண்டிருப்பது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். "முன்வீட்டுக்காரர் பாக்கினம். வந்த மனுசனைக் கொண்டு ஸ்னோ அள்ளுவிக்கிறம்."

"நானே அள்ளச் சொன்னனான்? கொண்ணைக்கு ஆசை, அள்ளுறார். ஆசைப்பட்டதைத் தடுக்கிறது பாவமடி."

விஷயம் என்னவென்றால், டிசம்பரில் கிருபானந்தனுக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்தது. டாக்குத்தர் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, "இனிச் சவலைத் தூக்கினால் அடுத்த முறை அம்புலன்ஸில்தான் வருவீர்கள்" என்று சொல்லிவிட்டார்.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் அவர்களின் தெருவில் முக்கால்வாசி வீடுகளுக்கு முன்னால் செம்மஞ்சள் கம்பு நட்டிருக்கும். பனி தள்ள ஆள் பிடித்த வீடு என்று அடையாளம். டிராக்டர் வந்து இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போய்விடும். கிருபானந்தனோ இருபத்தாறு வருடமாகக் கம்பு நடாதவர். அந்தப் பெருமையைச் சொல்லாமல் ஒரு கலியாண வீட்டிலும் அவர் சாப்பிட்டு எழும்பியதில்லை. இப்போது போய் நட்டால், ஆளுக்கு என்னவோ நோய் வருத்தமாம் என்று கதை கிளம்பிவிடாதா?

அதனால் ஜெயமதிக்குக் கடும் உத்தரவு. "நெஞ்சு விசயம் வெளியில போகக்கூடாது. முக்கியமா உன்ர ஆக்களுக்கு மூச்சு விடாதை."

ஜனவரியில் இரண்டு தரம் களவாக அள்ளப்போய், வாசல்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயமதி அழுது பார்த்தாள். மனுசன் மசியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பேரின்பநாதன் வந்து இறங்கினார். வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் பனிப் புராணம் தொடங்கிவிட்டது.

"எங்கட வன்கூவரில மாசியிலயே பூப் பூக்கத் துவங்கிடும், மச்சான். ரோட்டில மழைதான், ஸ்னோ குறைவு. ஆனா அரை மணித்தியாலம் கார் ஓடினா மலை. சனி, ஞாயிறு நான் அங்கதான். பனியில சறுக்க ஸ்கீ பூட்டினன் எண்டால் கழட்ட மனம் வராது."

"அறுபது வயசில ஸ்கீயோ?"

"பின்னை! நாங்கள் ஸ்னோவைத் தேடி மலை ஏறவேணும். உங்களுக்கு வாசலிலயே கொட்டுது. அள்ளுறதும் ஸ்கீ மாதிரித்தான், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நல்ல வேலை. நான் நிக்குமட்டும் இஞ்ச வேற ஒருத்தரும் ஸ்னோவைத் தொடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

கிருபானந்தனுக்கு உள்ளுக்குள் குதூகலம். கை கழுவும்போது, இப்படியும் ஒரு முட்டாளா என்ற சிரிப்போடு மனைவியின் காதில் சொன்னார். "கொண்ணை இவ்வளவு மோடன் எண்டு தெரிஞ்சிருந்தா முதலே கூப்பிட்டிருப்பன்."

ஜெயமதி கோப்பைகளை அடுக்கினாள்.

அந்த இரண்டு வாரத்தில் நாலு தரம் கொட்டியது. நாலு தரமும் பேரின்பநாதன் "ஆகா, என்ன வடிவு!" என்று கூவிக்கொண்டு இறங்கினார். கிருபானந்தன் யன்னலைக் கொஞ்சமாய்த் திறந்து உற்சாகப்படுத்துவார்.

"அந்த மூலையை விட்டுட்டீர், மச்சான். அங்கதான் நல்ல ஸ்னோ கிடக்கு!"

தெருவைத் துப்புரவாக்கும் வண்டி வாசலில் குவித்துவிட்டுப்போன கட்டிப் பனியைக்கூட, மலைப்பனி மாதிரியே இருக்கும் என்று சொல்லி மச்சானின் தலையில் கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேரின்பநாதன் திரும்பிப்போக வேண்டும். சனிக்கிழமை டிவியில் சொன்னார்கள், திங்கட்கிழமை முப்பது சென்ரிமீற்றர் கொட்டுமாம். கிருபானந்தனின் முகம் தொங்கிப்போனது.

"முப்பதோ!" பேரின்பநாதன் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "இதை விட்டுட்டுப் போக எனக்கென்ன விசரே? ரிக்கற்றை மாத்துறன். பங்குனி முடியுமட்டும் இஞ்சதான்."

தானாய் வந்து மாட்டுகிற மனுசனை என்ன செய்வது! பின்னேரம், மச்சானை இன்னும் கொஞ்சம் உசுப்பேற்றி வைப்போம் என்று ஒரு கோப்பை கோப்பியோடு நிலவறைப் படியில் இறங்கினார் கிருபானந்தன். கீழே விருந்தாளி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பேரின்பநாதன் வன்கூவரில் இருக்கும் மனைவியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை நிரஞ்சனி, இப்ப வரேலாது. நான் வெளிக்கிட்டால் அந்த மனுசன் திங்கக்கிழமை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சவலைத் தூக்கும். ஜெயமதி போனில அழுதது உனக்கும் கேட்டதுதானே... சீ, எனக்குத் தெரியுமெண்டு காட்டக்கூடாது. ரோசக்காரர், பிறகு என்னையும் அள்ள விடமாட்டார். என்னை மோடன் எண்டு நினைச்சுக்கொண்டே இருக்கட்டும், அதுதான் நல்லது."

கிருபானந்தன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. அந்த மூலையை விட்டுட்டீர் என்று கத்தியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

உள்ளே பேரின்பநாதன் தொடர்ந்தார்.

"கையோ? ரெண்டும் கொப்புளம். தோள்மூட்டு கழண்டுபோச்சு, சுடுதண்ணிப் போத்தலோடதான் படுக்கை... என்னது, ஸ்கீயோ? போடி விசரி, அந்த மலையை நான் எங்கட குசினி யன்னலுக்குள்ளால பாத்ததோட சரி!"