பிடுங்கிய பிளக்

மதிய வெயில் கூடத்தின் பாதி வரை வந்திருக்கிறது. அக்காவின் கணவர் கடல்நீர்த் தொட்டியின் முன் மண்டியிட்டு, உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை மூடியோடு மிதக்கவிடுகிறார். வெப்பமானி முப்பத்தொன்று காட்டுகிறது. ஊதாப் பவளம் சுருங்கி, ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது. "இன்னொண்ணும் போடுங்களேன்," என்கிறாள் அக்கா. "திடீர்னு குளிர்ந்தாலும் செத்துடும். மெதுவாத்தான் இறக்கணும்." "எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீங்க இப்படி உட்காரல. புது சில்லர், அதுக்குள்ள படுத்துடுச்சு. கடைக்காரனைக் கூப்பிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேளுங்க." நான் மடக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். இரவு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்த எனக்குப் பகல் தூக்கம் மட்டும் விடவில்லை. தொட்டி நீரைக் குளிரவைக்கும் அந்த சில்லர் தலைமாட்டில் உறுமுகிறது என்று, காலையில் பிளக்கைப் பிடுங்கியவன் நான்தான். அவர் போனைக் காதில் வைத்தபடி குனிகிறார். கட்டிலுக்கடியில் கிடக்கும் பிளக்கைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை. போனை அணைத்துவிட்டுப் பிளக்கைச் செருகுகிறார். சில்லர் உறுமுகிறது. "ஒயர் லூசா இருந்திருக்கு. பாவம், கடைக்காரன் என்ன பண்ணுவான்," என்கிறார் அக்காவிடம். பிறகு என் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து, சத்தம் அதிகம் கேட்காத மூலைக்கு இழுக்கிறார். நான் இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன்.