ஒரு முழத்துக்குக் கீழே

"இந்தத் தண்ணியில ஒரு வாய் குடிச்சாப் போதும், செத்த நாக்கும் எந்திரிச்சு உக்காந்து சலாம் சொல்லும்" என்றார் சீனி முகம்மது.

மாரியூர்க் கரையில் அதைக் கேட்க ஆள் அதிகமில்லை. அவர் மனைவி மலிகா, இடம் காட்ட வந்த முத்துராமலிங்கம், பனையில் கட்டிக் கிடந்த ஒரு வெள்ளாடு. நம்புகிற முகத்தோடு நிமிர்ந்து பார்த்தது ஆடு மட்டும்தான்.

காற்று முத்துராமலிங்கத்தின் மீசையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குக் குடிமாற்றிக்கொண்டிருந்தது.

மலிகாவின் முக்காடும் படபடத்தது. காற்று அடிப்பது அவளுக்குத் தெரிந்தது. அது தன் மேல் பட்டதுதான் தெரியவில்லை.

சவுதியில் காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர் சீனி முகம்மது. இப்போது கீழக்கரை வீட்டைப் பூட்டிவிட்டு, கிணறும் தோட்டமும் ஆடும் கோழியுமாக யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ ஒரு கரை தேடுகிறார்.

"கடைத்தெருப் பக்கமே எட்டிப் பாக்கப்போறதில்ல லிங்கம். கோழி நேரா அடுப்பங்கரைக்கு வந்து முட்டை போட்டுட்டுப் போகும். மீனு? வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டா நடந்து வரும்."

"கரண்டு, பாய்?"

"இங்கன அடிக்கிற வெயிலுக்கு ஒரு சோலார் தகடு வச்சா மெட்ராசுக்கே குடுத்துட்டு, மிச்சத்தக் கடல்ல ஊத்தலாம்."

முத்துராமலிங்கம் சிரித்தான். மலிகா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அங்கே இருந்தது. அவ்வளவுதான்.

போன வருஷம் தம்மாமிலிருந்து ஒரு போன் வந்தது. சவுதிக்கு வேலைக்குப் போயிருந்த மகன் ரிஃபாய் மவுத்தாகிவிட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று. மலிகா அடுப்பை அணைத்தாள். பால் பாத்திரத்தை மூடி வைத்தாள். அழவில்லை.

அன்றைக்குச் செத்தது அவள் நாக்கு. புளிப்பில்லை, காரமில்லை, இனிப்பில்லை. டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் நாக்கில் ஒரு குறையும் இல்லையென்று அனுப்பிவிட்டார்.

தெருவில் எந்த வீட்டு வாசலிலாவது சவுதியிலிருந்து திரும்பிய பிள்ளையின் கார் நின்று, கயிறு கட்டிய பெட்டிகள் இறங்கினால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். அதைப் பார்த்துத்தான் சீனி முகம்மது ஊரை விட்டுக் கிளம்புவதென்று முடிவு செய்தார்.

"வேணும்னு சொல்லு, இல்ல வேணாம்னு சொல்லு. உன் வாயால ஒண்ணு வராம ஒரு கை மண்ணு வாங்க மாட்டேன்."

"உங்க இஷ்டம் மச்சான்" என்பாள்.

இந்தக் கரையில் நிலம் பார்ப்பதென்றால் முதலில் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பது. காரங்காட்டில் மண்ணைத் தோண்டி, ஊறிய தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் மொண்டு, பன்னீர் என்று நீட்டினார். தொண்டியில் இளநீர் என்றார். குடித்துவிட்டு மலிகா எல்லா இடத்திலும் சொன்னது ஒன்றுதான்.

"தண்ணிதான்."

இங்கேயும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டுத் தோண்டினார். ஈர மணல் வந்தது. ஒரு முழத்தில் கண்ணாடியாகத் தண்ணீர் ஊறியது.

"அம்புட்டுத்தான் பாய், மொண்டுருங்க" என்றான் முத்துராமலிங்கம். நல்ல தண்ணீர் மேலே மிதக்கும். அதற்குக் கீழே கடல். கீழக்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு அது.

சீனி முகம்மது நிறுத்தவில்லை.

"பாய், கடலு வந்துரும்."

அவர் கை தோள்வரை குழிக்குள் போய்விட்டது. தாடியெல்லாம் மணல். "இருலே, நல்ல தண்ணி அடியிலதான் ஒளிஞ்சிருக்கு" என்றார். முத்துராமலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அடியிலிருந்து மொண்டு, இரண்டு கையாலும் மலிகாவிடம் நீட்டினார். 

"குடி புள்ள. சக்கரைப் பாகு."

வழக்கம்போல வாங்கி, வழக்கம்போலக் குடித்தாள்.

தொண்டை தானாகத் திரும்பிக்கொண்டது. முகம் சுளித்தது. பாதித் தண்ணீர் மணலில் தெறித்தது.

"த்தூ... உப்பு" என்றாள். "கடல் உப்பு. இங்கன வேணாம்."

ஆடு கத்தியது. முத்துராமலிங்கம், "ஒரு முழத்தோட நிறுத்தியிருந்தா..." என்று தொடங்கி, சீனி முகம்மதின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். மணல் ஒட்டிய அந்த முகம், பெருநாள் பிறை கண்டதுபோல் இருந்தது.

மலிகா உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தாள். கரித்தது. இன்னொரு தடவையும் தடவினாள்.

கீழக்கரை அடுப்பங்கரையில் இருக்கும் உப்பு ஜாடி நினைவுக்கு வந்தது. அதை வழிய வழிய நிரப்பி வைத்தது ரிஃபாய் இருந்தபோது. அதற்குப் பிறகு நிரப்பிய ஞாபகமே இல்லை. அது குறைந்த ஞாபகமும் இல்லை.

ஒவ்வொரு நாளும் மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, விரலை நக்கி, கல்யாண விருந்து தோற்றுப்போனது என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் இந்த மனிதர் எழுந்திருப்பார். ஒரு நாள்கூட ஜாடிப் பக்கம் கை நீட்டியதில்லை.

"மச்சான், என் ஆணத்துல உப்பே இல்லையா?"

சீனி முகம்மது கடலைப் பார்த்தார்.

"யாரு சொன்னா? கடலே தோத்துச்சு."

"பொய்யி" என்றாள் மலிகா.

கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்ததை மறுபடியும் வாயில் வைத்தாள். கண்ணை மூடி, மெதுவாக விழுங்கினாள்.

"மத்ததெல்லாம் பொய்யி. நாக்கு எந்திரிச்சது நெசம்தான்."